மேசையில் கிடந்த புத்தகங்களும் எங்கள் கணக்கும்

கல்லூரி, பல்கலைக்கழகங்களை மதிப்பிட்டுத் தரம் கொடுக்கும் நாக் (NAAC) குழு வருகிறது என்றால்தான் எங்கள் பல்கலைக்கழக நூலகத்தில் புள்ளிவிவரம் தேடும் படலமே ஆரம்பிக்கும். நீளமான சர்வே ஃபார்ம், மாணவர்கள் படிக்காமலே டிக் அடிப்பார்கள், குழு போனதும் கட்டு பரணுக்கு. சரி, அன்றாட வேலையிலேயே கணக்கு விழட்டும் என்று, கோஹா என்ற நூலக மென்பொருளில், இரவல் போகாத புத்தகத்தை ரிட்டர்னில் ஸ்கேன் செய்தால் உள்ளேயே படித்ததாகப் பதியும் வசதியை ஆன் செய்துவிட்டு, மேசையில் கிடப்பவற்றை அடுக்கும் முன் ஒரு பீப் அடிக்கச் சொன்னேன்.

"இது வேறயா சார்?" என்றார் அட்டெண்டர் அண்ணன். நியாயம்தான். சர்வேயைத் தூக்கிவிட்டேன், மாதம் ஒரே கேள்வி, வாசலில் சீட்டு, அவ்வளவுதான். அப்புறம் பார்த்தால், யாரும் எடுப்பதில்லை என்று கழிக்க வைத்திருந்த பழைய கணிதப் புத்தகங்கள்தான் வாரம் தவறாமல் மேசைக்கு வந்துகொண்டிருந்தன.