சண்டை மூளாமல் கதைக்க ஒரு தளம்: செய்கிறவர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

கணினி படிக்கும் மூன்று பிள்ளைகள் போன வருடம் என்னிடம் ஒரு செயலியைக் கொண்டுவந்து காட்டினார்கள். திருகோணமலை ஆட்களுக்கானது. கரண்ட் எத்தனை மணிக்கு வரும், மூதூருக்குக் கடைசி பஸ் எப்போது, சந்தையில் இன்றைக்குச் சூரை மீன் என்ன விலை என்று கேட்டால், தெரிந்த யாராவது பதில் போடுவார்கள். முதல் மாதம் நன்றாகத்தான் போனது. அப்புறம் ஒருநாள் ஒழுங்கை முனையில் யார் குப்பை கொட்டுகிறார்கள் என்று ஒருவர் கேட்டார். அந்தக் கேள்விக்குக் கீழே, இது யாருடைய ஊர், யார் முதலில் வந்தவர் என்பது வரைக்கும் பதில்கள் நீண்டுவிட்டன. அன்றிரவு அந்த மூவரில் ஒருத்தி என்னை அழைத்து, “சேர், இதை மூடிடுவமா?” என்று கேட்டாள்.

மூட வேண்டாம் என்றேன். அவர்கள் கண்டது புதுப் பிரச்சினை அல்ல. தளத்தில் நடக்கும் உரையாடல் நலமாக இருக்கிறதா என்று அளந்து பார்க்க வெளியாட்கள் உதவ வேண்டும் என்று டுவிட்டர் நிறுவனமே 2018 மார்ச்சில் பகிரங்கமாகக் கேட்டது. கோடிக்கணக்கானவர்கள் பாவிக்கும் தளங்கள் இதில் எத்தனையோ வசதிகளைச் செய்து பார்த்திருக்கின்றன, சிலவற்றைத் திரும்ப எடுத்தும் இருக்கின்றன. அவர்கள் தடுக்கி விழுந்த இடங்கள் வெளியே தெரிந்தவைதான். நாங்களும் போய் அதே இடத்தில் விழ வேண்டியதில்லை.

கெட்ட சொல்லைப் பிடித்தால் போதும் என்று நினைப்பது

பிள்ளைகள் முதலில் செய்தது இதைத்தான். தூசணம், வன்முறைச் சொற்கள் என்று ஒரு பட்டியல் எழுதினார்கள். அந்தச் சொல் இருந்தால் பதிவு போகாது. அடுத்த நாள் காலையில் மீன் விற்கும் அக்கா ஒருவரிடமிருந்து முறைப்பாடு வந்தது. அவர் எழுதியது இவ்வளவுதான்: “சூரை இருக்கு, வெட்டித் துப்பரவாக்கித் தரப்படும்.” பட்டியலில் “வெட்டி” இருந்ததால் செயலி அவரைத் தடுத்துவிட்டது. “குண்டு” என்ற சொல்லும் பட்டியலில் இருந்தது. அதனால் குண்டு பல்ப் எந்தக் கடையில் கிடைக்கும் என்று கேட்டவரின் கேள்வியும் போகவில்லை.

அதே நாளில் போன ஒரு பதிலை அவர்களுக்குக் காட்டினேன். “உங்கட ஆக்களுக்கு ஒருக்கா நல்ல பாடம் படிப்பிக்கத்தான் வேணும்.” இதில் ஒரு கெட்ட சொல்லும் இல்லை. ஆனால் வாசிக்கிறவருக்கு வயிற்றைப் பிசையும். எங்களுடைய ஊரில் இப்படி ஒரு வசனத்துக்கு என்ன பொருள் என்று எந்தப் பட்டியலுக்கும் தெரியாது.

1996இல் அமெரிக்காவின் ஏஓஎல் நிறுவனம் இதே தவறைச் செய்தது. இங்கிலாந்தில் ஸ்கன்தோர்ப் என்று ஓர் ஊர். அந்தப் பெயரின் எழுத்துகளுக்குள் ஒரு கெட்ட சொல் அகப்பட்டிருந்ததால், அந்த ஊர்க்காரர்களால் கணக்குத் திறக்க முடியாமல் போனது. தமிழில் இது இன்னும் சிக்கல். ஒரு வேர்ச்சொல் எத்தனை விகுதிகளை எடுத்துக்கொள்கிறது, சந்தியில் எப்படி உரு மாறுகிறது! போதாக்குறைக்கு எங்களுடைய ஆட்களில் பலர் தமிழை ஆங்கில எழுத்தில்தான் தட்டுகிறார்கள். ஒரே சொல்லை ஐந்து பேர் ஐந்து விதமாக எழுதுவார்கள். பட்டியல் வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. பச்சைத் தூசணத்துக்கு அது போதும். அதற்கு மேல் அதை நம்பக் கூடாது.

கூட்டம் கூடினால் வெற்றி என்று எண்ணுவது

அந்தக் குப்பைக் கேள்வி ஏன் அவ்வளவு தூரம் பற்றியெரிந்தது? செயலியைத் திறந்ததும் அதிகம் பதில் வந்த கேள்விதான் மேலே நிற்கும். சண்டை வந்தால் பதில் கூடும், பதில் கூடினால் மேலே ஏறும், மேலே ஏறினால் வழியால் போகிறவரும் வந்து ஒரு வார்த்தை போட்டுவிட்டுப் போவார். மூன்று நாள் அது கீழே இறங்கவே இல்லை. அந்த மூன்று நாளும் டயலிசிஸ் நோயாளிக்கு வாகனம் தேடி ஒரு தாய் போட்ட பதிவு அடியில் கிடந்தது. அதை நினைத்தால் இன்றைக்கும் எனக்கு மனம் பொறுக்காது.

பேஸ்புக் 2017இல் இருந்து கோபக் குறி உட்பட்ட உணர்ச்சிக் குறிகளுக்கு ஒரு லைக்கைவிட ஐந்து மடங்கு மதிப்புக் கொடுத்து வந்தது. ஆட்களைக் கோபப்படுத்தும் பதிவுகள் அதனால் மேலே வந்தன. பிறகு மதிப்பைப் படிப்படியாகக் குறைத்து, 2020இல் கோபக் குறியின் மதிப்பைப் பூச்சியமாக்கினார்கள். நிறுவனத்தின் உள் ஆவணங்கள் 2021இல் வெளியே வந்தபோதுதான் உலகத்துக்கு இது தெரிந்தது. எதை மேலே வைப்பது என்ற ஒரு சின்னக் கணக்கு, ஆட்கள் ஒருவரோடொருவர் எப்படிக் கதைப்பார்கள் என்பதையே மாற்றிவிடுகிறது. பிள்ளைகள் அந்த வரிசையை மாற்றினார்கள். இப்போது பதில் கிடைக்காத கேள்விதான் மேலே நிற்கும். கேட்டவர் “பதில் கிடைத்தது” என்று அழுத்தினால் கீழே போய்விடும்.

வேகத்தைக் குறைக்கப் பயப்படுவது

இதைப் பற்றிக் கொஞ்சம் கூடவே சொல்ல வேண்டும். செயலி செய்கிறவர்கள் எல்லோருக்கும் ஒரே ஆசை: அழுத்தினால் உடனே போக வேண்டும். ஒரு படி கூடினாலும் ஆட்கள் விட்டுவிட்டுப் போய்விடுவார்கள் என்று பயப்படுகிறார்கள்.

ஒரு மார்கழி இரவு எங்கள் ஒழுங்கையில் நடந்ததைச் சொல்கிறேன். மழை விட்டிருந்த நேரம். வட்ஸ்அப்பில் ஒரு குரல்பதிவு வந்தது. “கடல் உள்ளுக்குப் போயிட்டுதாம், எல்லாரும் மேட்டுக்குப் போங்கோ.” 2004 டிசம்பர் 26 சுனாமியைக் கண்ணால் கண்ட ஊர் இது. அந்த வசனத்தைக் கேட்ட பிறகு யாரும் யோசித்துக்கொண்டு நிற்க மாட்டார்கள். பக்கத்து வீட்டுத் தங்கச்சி பிள்ளையை இடுப்பில் வைத்துக்கொண்டு, கதவைப் பூட்டாமல், உவர்மலைப் பக்கம் ஓடினாள். ஒரு ஐயா வெளிச்சம் இல்லாத சைக்கிளில் போய் மதகில் விழுந்து கையை முறித்துக்கொண்டார். கடல் இருந்த இடத்தில்தான் இருந்தது. அது எந்த வருடமோ யாரோ பேசிய பழைய பதிவு. என் போனில் அந்தச் செய்தியின் மேல் இரட்டை அம்புக்குறி இருந்ததை அடுத்த நாள் காலையில்தான் கவனித்தேன். பல கை மாறி வந்தது என்பதற்கான அடையாளம் அது.

வட்ஸ்அப் இதற்காகவே படிப்படியாகத் தடை போட்டது. 2018இல் இந்தியாவிலும் 2019 ஜனவரியில் உலகம் முழுவதும், ஒரு செய்தியை ஒரே தடவையில் ஐந்து பேருக்கோ குரூப்புக்கோ மேல் அனுப்ப முடியாமல் செய்தது. 2020 ஏப்ரலில், பல கை மாறி வந்த செய்தியை ஒரு தடவைக்கு ஓர் இடத்துக்கு மட்டும் என்று இறுக்கியது. அப்படிப்பட்ட செய்திகள் பரவுவது அதன் பிறகு 70 வீதம் குறைந்தது என்று நிறுவனம் சொன்னது. செய்தியை யாரும் அழிக்கவில்லை, யாருடைய வாயையும் அடைக்கவில்லை. கைக்கு மட்டும் கொஞ்சம் வேலை கூடியது.

டுவிட்டர் செய்த ஒன்று எனக்கு இன்னும் பிடிக்கும். கடுமையான பதில் ஒன்றை எழுதி அனுப்பப் போகும்போது, இதைத் திரும்ப ஒருமுறை பார்க்கிறீர்களா என்று அது கேட்டது. 2020இல் சோதித்து, 2021 மேயில் ஆங்கிலத்தில் எழுதுகிறவர்களுக்குப் பரவலாகக் கொடுத்தார்கள். கேட்கப்பட்டவர்களில் 34 வீதமானவர்கள் முதலில் எழுதிய பதிலை மாற்றினார்கள் அல்லது அனுப்பாமலே விட்டார்கள். ஒருதரம் கேட்கப்பட்டவர்கள் அதற்குப் பிறகு எழுதிய புண்படுத்தும் பதில்களும் சராசரியாக 11 வீதம் குறைந்தன. இவை அந்த நிறுவனமே சொன்ன கணக்குகள். மூன்றில் ஒருவர் ஒரு கேள்வியிலேயே நிதானத்துக்கு வந்துவிடுகிறார் என்றால், அவர்கள் எல்லாம் கெட்டவர்கள் அல்ல, அவசரப்பட்டவர்கள்தான்.

ஆனால் எந்தத் தடையும் பலன் தரும் என்று எண்ணுவதும் தவறு. 2020 ஒக்டோபரில், அமெரிக்கத் தேர்தல் நேரம், ஒரு பதிவை மறுபகிர்வு செய்யப் போனால் சொந்தமாகவும் ஏதாவது எழுதச் சொல்லி டுவிட்டர் கட்டத்தைத் திறந்து காட்டியது. மறுபகிர்வு மொத்தத்தில் 20 வீதம் குறைந்தது உண்மை. ஆனால் ஆட்கள் யோசித்து எழுதுவார்கள் என்று நம்பியது நடக்கவில்லை. இதனால் கூடுதலாக எழுதப்பட்டவற்றில் 45 வீதம் ஒற்றைச் சொல். டிசம்பரில் அதை எடுத்துவிட்டு, ஏன் எடுத்தோம் என்பதையும் எழுதினார்கள். இந்தப் பழக்கத்தைப் பிள்ளைகள் எடுத்துக்கொள்ள வேண்டும் என்று நான் வற்புறுத்தினேன். ஒரு வசதியை வைக்கும்போதே, எது நடந்தால் இதை எடுத்துவிடுவோம் என்றும் எழுதிவைக்க வேண்டும்.

சத்தமில்லாமல் அழிப்பதும், எல்லாவற்றையும் பூட்டுவதும்

அட்மின் ஒருவர் பதிலை அழித்தால், ஏன் என்று எழுதியவருக்குச் சொல்ல வேண்டும். சொல்லாவிட்டால் அவர் பத்துப் பேரிடம் போய், தங்கள் ஆட்களைக் கதைக்க விடுகிறார்களில்லை என்பார். டுவிட்டர் 2019 நவம்பரில் எல்லோருக்கும் கொடுத்த வசதியில், பதிவு போட்டவர் தனக்கு வந்த பதிலை மறைக்கலாம். ஆனால் மறைத்தது மறைந்தே போகாது. விரும்புகிறவர் அழுத்திப் பார்க்கலாம். அது நல்ல ஏற்பாடு. வட்ஸ்அப் குரூப்பில் அட்மின் மட்டும் எழுதலாம் என்று பூட்டும் வசதி 2018இல் வந்தது. புயல் எச்சரிக்கை நேரத்தில் அது தேவைதான். சண்டை ஒன்று வந்தது என்பதற்காக மாதக்கணக்கில் பூட்டிவைத்தால், ஆட்கள் வேறொரு குரூப் திறந்து அங்கே போய் இன்னும் மோசமாகக் கதைப்பார்கள்.

ஊரையும் மொழியையும் தெரியாமல் செய்வது

2018 பெப்ரவரியில் அம்பாறையில், முஸ்லிம் சாப்பாட்டுக் கடை ஒன்றில் கருத்தடை மாத்திரை கலந்து கொடுக்கிறார்கள் என்ற வதந்தி பரவியது. அது மாவுக்கட்டி என்று பிறகு அரச பகுப்பாய்வில் தெரிந்தது. அதற்குள் பள்ளிவாசலும் கடைகளும் தாக்கப்பட்டுவிட்டன. மார்ச்சில் கண்டிப் பக்கம், திகணையில், முஸ்லிம்களுக்கு எதிரான வன்முறை இன்னும் பெரிதாக வெடித்தது. அரசாங்கம் பேஸ்புக், வட்ஸ்அப், வைபர் எல்லாவற்றையும் முடக்கியது; பேஸ்புக் ஒரு வாரத்துக்கு மேல் முடங்கிக் கிடந்தது. சிங்களத்தில் எழுதப்படும் வெறுப்புப் பதிவுகளை முறையிட்டும் பயனில்லை என்று இலங்கையின் சமூக அமைப்புகள் அதற்கு முன்பே சொல்லிக்கொண்டிருந்தன. பேஸ்புக் 2020 மேயில் இதற்கு மன்னிப்புக் கேட்டது. கடை எரிந்தவருக்கு அது இரண்டு வருடம் பிந்திய மன்னிப்பு.

திருகோணமலையில் தமிழர், முஸ்லிம்கள், சிங்களவர் மூன்று பகுதியும் அடுத்தடுத்த தெருவில் இருக்கிறோம். அதனால் ஒரு செய்தி உண்மையா பொய்யா என்று குறிப்புப் போடுகிறவர்கள் எல்லோரும் ஒரே பக்கத்து ஆட்களாக இருந்தால், மற்றவர் அதை நம்ப மாட்டார். பாவிக்கிறவர்களே பதிவுகளுக்குக் குறிப்புப் போடும் சமூகக் குறிப்புகள் முறை, டுவிட்டர் 2021 ஜனவரியில் தொடங்கியது, இந்த விடயத்தில் கெட்டித்தனமானது. வழக்கமாக ஒருவரோடொருவர் ஒத்துப்போகாதவர்கள் இரண்டு பக்கத்திலிருந்தும் ஒரு குறிப்பைப் பயனுள்ளது என்று சொன்னால்தான் அது எல்லோருக்கும் தெரியும். வாக்கு எண்ணிக்கை மட்டும் போதாது. 2009இல் பாலம் வருவதற்கு முன் கிண்ணியாவுக்குப் பாதையில்தான், அதாவது ஆட்களை ஏற்றிப்போகும் மிதவையில்தான், கடப்போம். ஏறுகிற கரையிலும் இறங்குகிற கரையிலும் பாதையைக் கட்டினால்தான் ஆள் கடக்கலாம். பிள்ளைகளுக்கு நான் அப்படித்தான் விளக்கினேன். ஒரு குறை உண்டு: இரண்டு பக்கமும் ஒத்துக்கொள்ள நேரம் எடுக்கும், வதந்தி அதுவரை காத்திருக்காது. அதனால் போர்வேர்ட் தடையும் கூடவே வேண்டும்.

கடைசியாக மொழி. “திரும்ப ஒருமுறை பாருங்கள்” என்ற கேள்வியை எங்களுடைய செயலியிலும் வைப்பது என்று முடிவெடுத்தோம். மூவரில் தம்பி ஒருவன் முதலில் எழுதிவந்தது: “உங்கள் பதிலில் புண்படுத்தக்கூடிய மொழி கண்டறியப்பட்டுள்ளது. மீளாய்வு செய்யவும்.” அதை மீன் விற்கும் அந்த அக்காவிடம் காட்டினோம். அவர் இரண்டு தரம் வாசித்துவிட்டு, முகம் மாறி, “இது பொலிசில இருந்து வந்ததா தம்பி?” என்று கேட்டார்.

அன்று பின்னேரம் முழுக்க அந்த ஒரு வரியில்தான் போனது. “இதை அவர் முன்னால நிண்டு சொல்லுவீங்களா?” என்று ஒருத்தி எழுதினாள். அது சவால் விடுவது போல இருந்தது. ஓம், சொல்லுவன் என்று சொல்லிக்கொண்டே அழுத்துகிறவர்கள் எங்களிடம் நிறையப் பேர். “ஒருக்கா வாசிச்சுப் பாத்திட்டு அனுப்புங்கோ” என்று அடுத்து வந்தது. மூவரில் கிண்ணியாப் பிள்ளை தங்கள் வீட்டில் அப்படிக் கதைக்க மாட்டார்கள் என்றான். கடைசியில் எல்லோருக்கும் பொதுவாக, “அனுப்ப முதல் ஒருமுறை வாசித்துப் பாருங்கள்” என்று வைத்தார்கள். கீழே இரண்டு பட்டன்: “மாற்றுகிறேன்”, “இப்படியே போகட்டும்”. இரண்டும் ஒரே அளவு, ஒரே நிறம். அக்கா வாசித்துவிட்டுத் தலையாட்டினார்.

சிங்கள வரி இன்னும் எழுதவில்லை. மென்பொருள் மொழிபெயர்த்துத் தந்த ஒன்று இருக்கிறது, அதை வைக்க வேண்டாம் என்று பிள்ளைகளே சொல்லிவிட்டார்கள். கந்தளாயில் இருந்து அவர்களுடைய சிங்கள நண்பன் ஒருவன் சனிக்கிழமை வருகிறான். அக்காவைப் போல யாரிடம் அதைக் காட்டலாம் என்று அவனிடமே கேட்கப் போகிறார்கள்.