ஐந்து கருப்புக் கட்டைகளில் தொடங்குங்கள்: வீட்டிலிருந்தே இசை கற்க ஒரு வழி

கோத்தகிரிப் பக்கம், தேயிலைத் தோட்டத்தை ஒட்டிய வீட்டில்தான் நான் டியூன் போடுவதும் பதிவு செய்வதும். இதைக் கற்க மலையை விட்டு இறங்க வேண்டுமா என்று பிள்ளைகள் கேட்கிறார்கள். வேண்டாம். இலவசப் பாடங்கள் கொட்டிக் கிடக்கின்றன. பத்தைத் திறந்து வைத்தால்தான் ஒன்றும் மனதில் நிற்காது. தியரிக்கு ஒன்று, சாஃப்ட்வேருக்கு ஒன்று என எடுத்துக்கொண்டு மூன்று மாதம் அதிலேயே இருங்கள்.

படி 1: காது

கீபோர்டு இல்லையா? போனில் ஏதாவது ஒரு பியானோ ஆப் போதும். கருப்புக் கட்டைகளை மட்டும் தொடுங்கள். மூன்று கருப்புக் கட்டைகள் சேர்ந்திருக்கும் கூட்டத்தில் முதலாவதுதான் நாலரைக் கட்டை (F ஷார்ப்). அதை ஸட்ஜமாக, அதாவது தொடக்க ஸ்வரமான 'ஸ'வாக வைத்து ஐந்தையும் வரிசையாக வாசித்தால் மோகன ராகம். அதே ஐந்து கட்டைகள்தான், ஸட்ஜத்தை ரெண்டரைக் கட்டைக்கு (இரண்டு கருப்புக் கட்டைக் கூட்டத்தில் இரண்டாவது) மாற்றுங்கள்: சுத்த தன்யாசி. ஐந்தரைக்கு (மூன்றில் நடுவில் உள்ளது) போனால் மத்யமாவதி, ஆறரைக்கு (மூன்றில் கடைசி) போனால் ஹிந்தோளம். நம் ஊரில் இதற்குக் கிரகபேதம் என்று பெயர். ஸ்கேல் என்பது ஸ்வரங்களுக்கு நடுவில் உள்ள இடைவெளிகள்தான் என்பது இந்த அரை மணி நேரத்தில் விரலுக்கே புரிந்துவிடும். இதைச் செய்யாமல் பாடத்துக்குப் போகாதீர்கள்.

படி 2: தியரி

மியூசிக்தியரி டாட் நெட். பாடங்கள் ஆங்கிலம்தான், ஆனால் சின்னச் சின்னதாக, படத்தோடு இருக்கும். மேஜர் ஸ்கேல் என்று வரும்போது சங்கராபரணம் என்றும், நேச்சுரல் மைனர் என்றால் நடபைரவி என்றும் வைத்துக்கொள்ளுங்கள், பாதி பாரம் குறையும். நமக்குப் புதிது கார்டுதான். ஸ, க, ப மூன்றையும் சேர்த்து அழுத்தினால் மேஜர் கார்டு. காந்தாரத்தை (க) மட்டும் அரைக் கட்டை, அதாவது இடப்பக்கம் ஒட்டிய கட்டைக்கு, இறக்கினால் அதுவே மைனர். அந்தத் தளத்திலேயே காதுப் பயிற்சியும் உண்டு, தினமும் பத்து நிமிடம் செய்யுங்கள்.

படி 3: பீட்

ஏபிள்டன் நிறுவனத்தின் 'லேர்னிங் மியூசிக்' பக்கம் பிரவுசரிலேயே ஓடும், இலவசம். பீட் (தாளம்), கார்டு, பேஸ் (அடியில் ஒலிக்கும் தாழ்ந்த ஸ்வரங்கள்), மெலடி எல்லாவற்றையும் கட்டங்களைத் தட்டித் தட்டியே கற்கலாம்.

படி 4: சாஃப்ட்வேர்

கணினியில் பாட்டைப் பதிந்து அடுக்க என் தேர்வு ரீப்பர். 60 நாள் முழுதாகப் பயன்படுத்திப் பார்க்கலாம், அப்புறம் தனிநபர் உரிமம் 60 டாலர். காசே கூடாது என்றால் எல்எம்எம்எஸ். அதில் குரலைப் பதிய முடியாது, அதற்கு ஆடாசிட்டியைச் சேர்த்துக்கொள்ளுங்கள். போன் மட்டும்தான் இருக்கிறதா, பேண்ட்லேப் ஆப். எங்கள் பக்கம் சிக்னல் ஒரு கோடு வரும், போகும். அதனால் டவுனுக்குப் போகும்போது ரீப்பரோடு அதன் இலவச பிடிஎஃப் கையேட்டையும் இறக்கிவிடுங்கள். நெட் இல்லாத ராத்திரிகளில் அதுதான் வாத்தியார்.

படி 5: குரல் பதிவு

ஒரு ஐப்பசியில் தகரக் கூரைக்குக் கீழே ஒரு பாட்டு முழுவதையும் பதிந்தேன். பாடும்போது மழை உறைக்கவே இல்லை. ஹெட்போனில் கேட்டால் ஒவ்வொரு வரிக்குப் பின்னாலும் அப்பளம் பொரிவது போல ஒரு இரைச்சல். ஆடாசிட்டியின் இரைச்சல் நீக்கியைப் போட்டேன், மழை போனது, குரல் கிணற்றுக்குள் போனது. இரண்டு நாள் உழைப்பு வீண். மழை ஓயும்வரை காத்திருப்பதைத் தவிர வேறு வழியில்லை. கம்பளியைத் தொங்கவிட்டால் அறையின் எதிரொலி நன்றாகக் குறையும், ஆனால் வெளிச் சத்தத்தை அது தடுக்காது. மைக்கை சிலிக்கா ஜெல் பொட்டலத்தோடு டப்பாவில் மூடி வையுங்கள், இங்கே ஈரம் எல்லாவற்றிலும் ஏறும்.

படி 6: எட்டு பார்

இனி முதல் டியூன். வேகம் நிமிடத்துக்கு 80 தட்டு. நாலு தட்டு சேர்ந்தது ஒரு பார். நாலரைக் கட்டை மேஜர் இரண்டு பார், ரெண்டரைக் கட்டை மைனர் இரண்டு பார், இன்னொரு முறை அதுவே. இரண்டு கார்டுமே முழுக்கக் கருப்புக் கட்டைகளில்தான் விழும். மேலே மோகனத்தில் எது தோன்றுகிறதோ அதை வாசியுங்கள். 44.1 கிலோஹெர்ட்ஸ், 16 பிட் வேவ் கோப்பாக எடுத்து ஹெட்போனிலும் கேளுங்கள், போன் ஸ்பீக்கரிலும் கேளுங்கள். போனில் பேஸ் காணாமல் போனால் அதை ஒரு ஸ்தாயி மேலே ஏற்றிவிட்டு மறுபடி எடுங்கள்.