அச்சுப் பிழையா, அடிபட்ட காசா?

வேலூர் லாங் பஜார் பக்கம் பழைய காசு வாங்கும்போது, "இது அச்சுப் பிழை சார், அபூர்வம்" என்று யாராவது விலையை ஏற்றினால், முதலில் பூதக்கண்ணாடியை எடுங்கள்.

காசில் தெரியும் கோடு மேடா, பள்ளமா? காசு அடிக்கும் உலோக அச்சில் விரிசல் விட்டிருந்தால், அடிக்கும்போது உலோகம் அதற்குள் புகுந்து மேடான கோடாக எழும். பள்ளமான கோடு பெரும்பாலும் பிற்பாடு விழுந்த கீறல்தான்.

ஒரு பக்கம் உருவம் இடவலம் மாறிப் பள்ளமாக இருக்கிறதா? முந்தைய காசு அச்சிலேயே ஒட்டிக்கொண்டால் அடுத்த காசில் அப்படி வரும், அது உண்மையான பிழை. ஆனால் அந்தப் பள்ளத்துக்கு அடியில் அசல் எழுத்து நசுங்கித் தெரிந்தால், இரண்டு காசை இடுக்கியில் வைத்து அழுத்திய வேலை. அதில் நிறைய பேர் ஏமாறுகிறார்கள்.

எடையையும் பாருங்கள்: பிரிட்டிஷ் கால வெள்ளி ரூபாய் ஒரு தோலா, அதாவது 11.66 கிராம். தேய்ந்தால் கொஞ்சம் குறையும். விளிம்பில் பற்றவைத்த தழும்பு இருந்தால் அது ஏதோ பாட்டியின் காசுமாலையில் கிடந்தது, பிழை அல்ல.

அப்புறம், புளி போட்டு மட்டும் தேய்த்துவிடாதீர்கள்!