நேட்டால் போன கொள்ளுப்பாட்டியைத் தேடும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

1860 நவம்பர் 16 அன்று சென்னையிலிருந்து ட்ரூரோ கப்பல் டர்பன் வந்து சேர்ந்தது. அன்று முதல் 1911 வரை தென்னாப்பிரிக்காவின் நேட்டாலுக்குப் போன ஒப்பந்தக் கூலிகள் 1,52,184 பேர். அங்குள்ள அரசு ஒவ்வொருவருக்கும் ஒரு காலனி எண் கொடுத்து, கப்பல் வாரியான பட்டியலில் ஒரு வரியாகப் பதிந்தது. மனைவிக்கும் தனி எண்தான்.

இந்த எண்ணை விட்டுவிட்டுப் பெயரைப் பிடித்துக்கொண்டு தேடுவதுதான் முதல் தவறு. முனியம்மாக்கள் பட்டியலில் எத்தனையோ பேர். எழுத்தர் காதில் விழுந்தபடி எழுதியதால் லட்சுமி ஒரு கப்பலில் லெட்ச்மி, அடுத்ததில் லுச்மீ. ஆகவே வீட்டுப் பெட்டியில் இருக்கும் பழைய காகிதங்களை முதலில் பாருங்கள். ஒப்பந்தம் முடிந்த சான்று, பிள்ளைகளின் பிறப்புப் பதிவு, திருமணப் பதிவு என ஏதாவது ஒன்றில் எண் இருக்கும். எண் கிடைத்ததும் கப்பல் பட்டியலில் அவர் வரியை மட்டும் பார்த்து நிறுத்திவிடாதீர்கள். ஒரே குடும்பத்தாருக்கு அடுத்தடுத்த எண்களே பெரும்பாலும் வரும். முன்னும் பின்னும் பத்து வரி படித்தால் தங்கையோ தாயோ அகப்படலாம்.

இன்றைய குடும்பப் பெயரை வைத்துப் பட்டியலில் தேடுவதும் வீண். அது பெரும்பாலும் கணவர் வழி முன்னோர் ஒருவரின் சொந்தப் பெயர். நேட்டாலில் பிறகு ஒட்டிக்கொண்டது. பாட்டியின் பிறந்த வீட்டுக்கு வழி, அவர் வரியில் உள்ள தகப்பன் பெயர்தான். அதைத் தவறாமல் குறித்துக்கொள்ளுங்கள். பெண் வழித் தேடலில் இதைவிட மதிப்புள்ள சொல் கிடைக்காது.

வீட்டில் சொல்லும் ஆண்டையும் சரிபாருங்கள். 1866இல் நின்ற கூலிக் கப்பல்கள் 1874இல்தான் மீண்டும் வந்தன. 1870இல் வந்தார் என்றால் கணக்கு எங்கோ பிசகியிருக்கிறது. வயதும் குத்துமதிப்பு; ஐந்து வருடம் முன்பின் விட்டுத் தேடுங்கள். உயரமும் அங்க அடையாளமும் அதைவிட நம்பகமானவை. முன்கையில் பச்சை, நெற்றியில் தழும்பு என்று எழுதியிருந்தால் மற்ற காகிதங்களோடு ஒப்பிடுங்கள்.

சென்னையில் கப்பலேறியதால் ஊர் சென்னை என்று முடிவு கட்டாதீர்கள். ஜில்லா, தாலுகா, கிராமம் மூன்றும் சேர்ந்தால்தான் ஊர் பிடிபடும். புத்தூரும் நல்லூரும் மாவட்டத்துக்கு மாவட்டம் உண்டு. வட ஆற்காடு என்றிருந்தால் வேலூர் பக்கம் மட்டும் அலைய வேண்டாம். 1911இல் அதிலிருந்து பிரிந்த பகுதியைச் சேர்த்தே சித்தூர் மாவட்டம் உருவானது. பாட்டியின் கிராமம் இன்று ஆந்திரத்தில் இருக்கலாம்.