பூச்சி வராத கட்டங்கள்: மகரந்தச் சேர்க்கை வலையமைப்பு ஆய்வில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

எந்தப் பூவுக்கு எந்தப் பூச்சி வருகிறது என்று பார்த்து, செடிகளை வரிசைகளிலும் பூச்சிகளை நிரல்களிலும் எழுதினால் ஓர் அட்டவணை கிடைக்கும். இந்த உறவுகளின் தொகுப்பைத்தான் மகரந்தச் சேர்க்கை வலையமைப்பு என்கிறோம். வந்த கட்டத்தில் எண், மற்றதில் பூஜ்ஜியம். புள்ளியியலுக்கான ஆர் நிரல் மொழியின் 'பைபார்டைட்' தொகுப்பில் இதைக் கொடுத்தால், வலையமைப்பின் அமைப்பை அளக்கும் எண்களான குறியீடுகள் பக்கம் நிறைய வந்து விழும். அந்தக் குறியீடுகளைப் பற்றிச் சண்டை போடுகிற அளவுக்கு, கீழே கிடக்கும் பூஜ்ஜியங்களைப் பற்றி யாரும் பேசுவதில்லை.

பூஜ்ஜியம் என்பதற்கு 'பார்க்கவில்லை' என்று மட்டுமே பொருள். ஆய்வேட்டின் முடிவுரைக்கு வருவதற்குள் அது 'உறவில்லை' என்று ஆகிவிடுகிறது. மற்ற தவறுகளில் பாதி இதிலிருந்து முளைப்பவை.

இலவ மரத்தையே பாருங்கள். பொழுது சாயும்போது பூ விரியும், இரவில் வௌவால்கள் வரும். மிஞ்சிய தேனுக்குக் காலையில் தேனீக்கள் மொய்க்கும். காலை எட்டு மணிக்கு நோட்டுப் புத்தகத்தோடு போய் நண்பகலில் திரும்பும் குழுவின் அட்டவணையில் அது தேனீ மரம். வௌவாலுக்குப் பூஜ்ஜியம்கூட இல்லை, நிரலே இல்லை.

உண்மையான பூஜ்ஜியங்களும் உண்டு. குட்டை நாக்குத் தேனீக்கு நீளக் குழல் பூவின் அடி எட்டாது. தேனீ வெளிவரும் முன்பே சில செடிகள் பூத்து ஓய்ந்துவிடும். எத்தனை ஆண்டு உட்கார்ந்தாலும் அந்தக் கட்டங்கள் நிரம்பாது. நாக்கு நீளம், பூக்கும் காலம் இரண்டையும் குறித்து வைத்திருந்தால்தான் இவற்றைப் பார்க்கத் தவறியவற்றிலிருந்து பிரிக்க முடியும்.

"புதுப் பூச்சிகள் கிடைப்பது நின்றுவிட்டது, மாதிரி போதும்" என்பதையும் அடிக்கடி கேட்கலாம். போதாது. இனங்கள் சீக்கிரம் கண்ணில் படும், எந்தப் பூச்சி எந்தப் பூவுக்கு என்ற இணைப்புகள் மெதுவாகத்தான் படும். அர்ஜென்டினாவின் மோன்டே பாலைவனத்தில் பெருமுயற்சியோடு நடந்த ஆய்வு ஒன்று 2012இல் வெளியானது. அவர்களின் மதிப்பீட்டின்படி, அங்குள்ள பூச்சி இனங்களில் ஏறக்குறைய 80 சதவீதம் பதிவாகியிருந்தது. இணைப்புகளில் 55 சதவீதம்தான். ஒரு பருவம் மட்டும் களத்துக்குப் போகும் மாணவரின் அட்டவணை எந்த நிலையில் இருக்கும் என்று இதை வைத்து யோசியுங்கள். பார்க்கப் பார்க்கப் புதியவை எவ்வளவு சேர்கின்றன என்று காட்டும் திரள்வு வளைவை இனங்களுக்கு ஒன்று, இணைப்புகளுக்கு ஒன்று என்று தனித்தனியே வரைய வேண்டும்.

அடுத்தது 'சிறப்பினம்', அதாவது ஓரிரு பூக்களை மட்டுமே நாடும் இனம் என்ற பட்டம். ஒரே ஒருமுறை கண்ணில் பட்ட தேனீக்கு அட்டவணையில் ஒரே ஒரு பூதான் இருக்க முடியும். அது அந்தத் தேனீயின் குணம் அல்ல, எண்ணிக்கையின் விளைவு. அப்படிப்பட்டவற்றைச் சேர்த்து ஒருமுறை, நீக்கி ஒருமுறை கணக்கிட்டுப் பாருங்கள். முடிவு தலைகீழானால், உங்களிடம் இருந்தது சிறப்பினங்களின் பட்டியல் அல்ல, அரிதான இனங்களின் பட்டியல்.

நெஸ்டட்னெஸ் கணக்கிலும் இதே கதைதான். குறைந்த உறவுள்ள பூச்சிகள் போகும் பூக்கள், நிறைய உறவுள்ள பூச்சிகள் போகும் பூக்களின் உட்கணமாக அமைவதை அப்படிச் சொல்கிறோம். சூழலியலாளர் பாஸ்கோம்ப்டேயும் உடன் ஆய்வாளர்களும் 2003இல் எழுதிய கட்டுரைக்குப் பிறகு எல்லோரும் இதைத் தேடத் தொடங்கினார்கள். ஆனால் எங்கும் பூத்துக் கிடக்கும் செடியும் எங்கும் பறக்கும் பூச்சியும் எந்த விருப்பமும் இன்றியே அடிக்கடி சந்திக்கும். அதிலிருந்தே இந்த வடிவம் வந்துவிடும். எனவே தற்செயல் மாதிரியோடு, அதாவது விருப்பம் எதுவும் இன்றிக் கணினி கலைத்துப் போட்ட அட்டவணைகளோடு, ஒப்பிட வேண்டும். எல்லாக் கட்டங்களுக்கும் சம வாய்ப்புத் தரும் மாதிரியை எடுத்தால் அநேகமாக எந்த அட்டவணையும் 'குறிப்பிடத்தக்கது', அதாவது தற்செயலால் வந்ததல்ல, என்றே வரும். வரிசை, நிரல் கூட்டுத்தொகைகளை மாற்றாமல் கலைத்துப் போடும் மாதிரி கண்டிப்பானது. சில நேரம் தேவைக்கு மேல் கண்டிப்பானது. இரண்டையும் ஓட்டி இரண்டு விடைகளையும் அச்சிடுவதுதான் நேர்மை என்பது என் கட்சி.

இரண்டு இடங்களை ஒப்பிடும்போது அளவைக் கவனியுங்கள். மொத்தக் கட்டங்களில் நிரம்பியவற்றின் பங்கை இணைப்படர்த்தி என்கிறோம். 10 செடி, 30 பூச்சி, 60 இணைப்பு என்றால் அது 60/300, அதாவது 20 சதவீதம். 20 செடி, 60 பூச்சி, 120 இணைப்பு என்றால் 10 சதவீதம். இரண்டிலும் ஒரு பூச்சிக்குச் சராசரியாக இரண்டு பூ, ஒரு பூவுக்கு ஆறு பூச்சி. யாருடைய நடத்தையும் மாறவில்லை, குறியீடு மட்டும் பாதியாகிவிட்டது.

பூவுக்கு வருவதெல்லாம் மகரந்தச் சேர்க்கை ஆகாது என்பதைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். தச்சுத் தேனீ பல பூக்களின் அடியைக் கிழித்துத் தேனை மட்டும் உறிஞ்சிப் போகும். அதையும் சேவைக் கணக்கில் ஏற்றுகிறோம். சூலகமுடியில் விழுந்த மகரந்தத்தை எண்ணாதவர்கள் 'பூ வருகை வலையமைப்பு' என்றே தலைப்பிடலாம். ஒரே இடத்தில் இரண்டு இனங்கள் இருப்பதை வைத்தே அவற்றுக்கிடையே உறவு என்று கோடு போடுவது இதைவிட மோசம். இரண்டுக்கும் அதே ஈரம் பிடித்திருக்கலாம், அவ்வளவுதான்.

கடைசியாக, இனங்கள் அழிந்தால் என்ன ஆகும் என்று கணினியில் நடத்திப் பார்க்கும் அழிவு உருவகப்படுத்தல். அமெரிக்காவின் இல்லினாய் மாநிலத்தில் கார்லின்வில் என்ற ஊரில் 19ஆம் நூற்றாண்டின் இறுதியில் சார்லஸ் ராபர்ட்சன் பூக்களுக்கு வரும் பூச்சிகளைப் பெரிய அளவில் பதிவு செய்தார். மெம்மட், வேசர், பிரைஸ் மூவரும் 2004இல் அந்தத் தரவிலிருந்து பூச்சிகளைக் கணினியில் ஒவ்வொன்றாக நீக்கி, எந்தச் செடிகள் துணையிழக்கும் என்று பார்த்தார்கள். துணையிழந்த செடிக்குப் புதுத் துணை கிடைக்காது என்பது அந்தக் கணக்கின் எடுகோள். பிறகு பர்க்கிள், மார்லின், நைட் அதே ஊருக்குப் போய் 26 செடிகளை மறுபடி பார்த்தார்கள். முடிவு 2013இல் வந்தது. 109 தேனீ இனங்களில் ஏறக்குறைய பாதி இல்லை. பழைய 532 இணைப்புகளில் 407 காணவில்லை. அதோடு, முன்பு இல்லாத 121 இணைப்புகள் பதிவாகின. துணை மாறும் வாய்ப்பைக் கணக்கில் சேர்க்காத எந்த உருவகப்படுத்தலிலும் அந்த 121க்கு இடமில்லை. அவற்றில் எத்தனை உண்மையிலேயே புதியவை, எத்தனை ராபர்ட்சன் காலத்திலேயே இருந்தும் அவர் கண்ணில் படாதவை என்பது தனிக் கேள்வி. அதற்கு யாராவது விடை தேட வேண்டுமானால் எந்த நாள், எந்த நேரம், ஒவ்வொரு பூவின் முன்னும் எவ்வளவு நேரம் என்ற விவரம் கையில் இருக்க வேண்டும். உங்கள் அட்டவணையை வெளியிடும்போது அந்த மூன்று நிரல்களையும் சேர்த்தே வெளியிடுங்கள்.