கண் உலர்வுக்குக் குடலைக் குற்றம் சொல்வதற்கு முன்

கண்ணில் மணலை அள்ளிப் போட்டதுபோல் உறுத்தல், எரிச்சல், மாலையானால் எழுத்துகள் மங்குவது. மாதக்கணக்கில் இப்படி அவதிப்படுகிறவரிடம் "குடல் பாக்டீரியாவைச் சரிசெய்தால் கண் சரியாகிவிடும்" என்று ஒருவர் சொன்னால் அது எத்தனை பெரிய ஆறுதல்! அந்தச் சொல்லில் கொஞ்சம் உண்மையும் இருக்கிறது. அந்தக் கொஞ்சத்தையே முழு உண்மையாக நம்புவதில்தான் தவறுகள் தொடங்குகின்றன.

எல்லாக் கண் உலர்வும் ஒரே நோய் என்று எண்ணுவது முதல் தவறு. பெரும்பாலோருக்கு இமையோரத்தில் உள்ள எண்ணெய்ச் சுரப்பிகள் அடைபட்டு, கண்ணீர் சீக்கிரம் ஆவியாகிவிடுகிறது. சிலருக்கு ஒவ்வாமை மாத்திரைகளே காரணம். குடல் பற்றிய ஆய்வுகள் அதிகம் பேசுவது ஷோக்ரன் நோயைப் பற்றி. உடலின் நோய் எதிர்ப்பு அணுக்கள் கண்ணீர்ச் சுரப்பிகளையும் உமிழ்நீர்ச் சுரப்பிகளையும் தாக்கும் நோய் இது. ஸ்வீடனின் கண் மருத்துவர் ஹென்ரிக் ஷோக்ரன் 1933-இல் இதை விரிவாக விவரித்தார். பாதிக்கப்படுவோரில் பத்துக்கு ஒன்பது பேர் பெண்கள்.

எலிக்கு நடந்தது நமக்கும் நடக்கும் என்று முடிவுகட்டுவது அடுத்தது. இங்கே சற்று நிதானமாகப் பார்க்க வேண்டும், ஏனென்றால் இந்த ஆய்வுகள் உண்மையிலேயே வியப்பூட்டுபவை. அமெரிக்காவின் பேய்லர் மருத்துவக் கல்லூரியைச் சேர்ந்த சின்ட்டியா டி பைவாவின் குழு 2016-இல் ஓர் ஆய்வை வெளியிட்டது. ஆன்டிபயாடிக் கொடுத்துக் குடல் பாக்டீரியாக்களைக் குறைத்த எலிகளை வறண்ட காற்றில் வைத்தபோது, மற்ற எலிகளைவிட அவற்றின் கண்கள் மோசமாகப் பாதிக்கப்பட்டன. ஷோக்ரன் நோயாளிகளிடம் குடல் பாக்டீரியாக்களின் வகைகள் குறையக் குறைய நோயின் தீவிரம் கூடியிருந்ததும் தெரிந்தது. நார்ச்சத்தை நொதிக்கச் செய்து சில பாக்டீரியாக்கள் உண்டாக்கும் பியூட்டிரேட் என்ற அமிலம் நோய் எதிர்ப்பு அணுக்களின் வேகத்தைத் தணிக்கிறது. அது குறைந்தால் கண்வரை அழற்சி பரவலாம் என்பது விளக்கம். ஆனால் அந்த ஆய்வில் இடம்பெற்ற நோயாளிகள் வெறும் 10 பேர்.

எது காரணம், எது விளைவு என்பதையும் பலர் மறந்துவிடுகிறார்கள். வாய் வறண்டவர் உணவை மென்று விழுங்கவே சிரமப்படுகிறார். உண்ணும் உணவு மாறுகிறது. வயிற்று அமிலத்தைக் குறைக்கும் மாத்திரைகளும் குடல் பாக்டீரியாக்களை மாற்றுகின்றன. ஆகவே நோயே குடலை மாற்றியிருக்கவும் கூடும்.

இனி கடையில் வாங்கும் புரோபயாட்டிக், அதாவது உயிருள்ள நல்ல பாக்டீரியாக்கள் அடங்கிய மாத்திரைகள். 2023-இல் அதே கல்லூரி ஆய்வாளர்கள் லாக்டோபாசிலஸ் ரியூட்டெரி என்ற பாக்டீரியாவின் டிஎஸ்எம் 17938 என்ற குறிப்பிட்ட திரிபை (உள்வகையை) எலிகளுக்குக் கொடுத்தபோது கருவிழியின் நிலை மேம்பட்டதாக அறிவித்தார்கள். டப்பாவில் அதே பாக்டீரியாவின் பெயர் இருப்பதாலேயே பலன் கிடைத்துவிடாது. திரிபு மாறினால் செயலும் மாறும். நோய் எதிர்ப்பை அடக்கும் மருந்து சாப்பிடுகிறவர்கள் மருத்துவரைக் கேட்காமல் இவற்றைத் தொடவே கூடாது. அரிதாக என்றாலும், அந்த பாக்டீரியாவே இரத்தத்தில் தொற்றாக மாறியதுண்டு.

இன்னும் ஆபத்தானது, நலமாக உள்ள ஒருவரின் மலத்திலுள்ள நுண்ணுயிர்களை நோயாளியின் குடலில் செலுத்தும் மல நுண்ணுயிர் மாற்று சிகிச்சையை வீட்டிலேயே முயல்வது. உடலின் நோய் எதிர்ப்பு அணுக்களே தாக்குவதால் வரும் கண் உலர்வு உள்ள 10 பேருக்கு மருத்துவக் கண்காணிப்பில் இதைச் செய்து பார்த்தார்கள். மூன்று மாதம் கழித்துப் பாதிப் பேர் தேவலை என்றார்கள். ஒப்பிட்டுப் பார்க்க வேறு குழு இல்லாததால், அதை வைத்துப் பலன் உண்டு என்று சொல்லிவிட முடியாது. வேறு நோய்க்காக இச்சிகிச்சை பெற்ற ஒருவர், நன்கொடையாளரின் மலத்தில் இருந்த மருந்துக்கு அடங்காத கிருமியால் இறந்ததை 2019-இல் அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு அறிவித்து எச்சரித்தது.

எலி ஆய்வைப் படித்துவிட்டு, தொற்றுக்கு மருத்துவர் எழுதித் தரும் ஆன்டிபயாடிக்கை மறுக்காதீர்கள். காரணமின்றி விழுங்காமல் இருந்தால் போதும்.

சொட்டு மருந்தை நிறுத்துவதுதான் நான் கெஞ்சிக் கேட்டுத் தடுக்க விரும்பும் தவறு. கண்ணின் அழற்சியைத் தணிக்கும் சைக்ளோஸ்போரின் சொட்டு மருந்து பலன் தர வாரங்கள், சில வேளை மாதங்கள் ஆகும். முதல் மாத எரிச்சலிலேயே அதைக் கைவிட்டு உணவுமுறைக்குத் தாவுகிறவர்கள் உண்டு. ஈரமில்லாத கருவிழியில் புண் விழுந்து தழும்பாகிவிட்டால், குடல் எவ்வளவு நலமாக இருந்தாலும் பார்வை திரும்பாமல் போகலாம்.

பலர் கண் உறுத்தலைக் கண் மருத்துவரிடமும், திடீரெனச் சொத்தையாகும் பற்களைப் பல் மருத்துவரிடமும், மூட்டுவலியை மூன்றாமவரிடமும் சொல்கிறார்கள். மூன்றையும் ஒருவரிடமே சொன்னால், கண்ணீரை அளக்கும் காகிதப் பட்டைச் சோதனையும் ஷோக்ரன் நோயாளிகள் பலரின் இரத்தத்தில் காணப்படும் ஆன்டி-ரோ எதிர்ப்பொருளுக்கான சோதனையும் சீக்கிரம் நடக்கும். காதுக்குக் கீழே உமிழ்நீர்ச் சுரப்பி வீங்கி, வாரக்கணக்கில் வற்றாமல் இருந்தால் அதையும் மறைக்காமல் சொல்லுங்கள். ஷோக்ரன் நோயாளிகளில் சிலருக்கு அது நிணநீர்ப் புற்றுநோயின் அறிகுறியாக இருக்கக்கூடும்.