வேலை முடித்த என்ஜினில் மிஸ்ஸிங்கும் ஆயில் விளக்கும்: தவிர்க்க வேண்டிய தவறுகள்

போன வாரம் பட்டறையில் ஒரு பையன் புது ஆயில் பிரஷர் சுவிட்சைக் கையில் பிடித்துக்கொண்டு நின்றான். சிலிண்டர் ஹெட் இறக்கி, பிஸ்டன் ரிங் மாற்றி, சம்ப்பை (என்ஜினின் அடியில் ஆயில் தங்கும் தட்டு) மூடி இரண்டு நாள் ஆன கார். சூடேறியதும், வண்டி நின்று என்ஜின் மட்டும் ஓடும் ஐடிலிங்கில் சிவப்பு ஆயில் விளக்கு மினுக்குகிறது. மூன்றாவது சிலிண்டர் மிஸ் அடிக்கிறது, அதாவது அதில் எரிபொருள் சரியாக எரியவில்லை. "சுவிட்சை மாற்றிவிடலாம் அண்ணே, காயிலை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம்" என்றான். காயில் என்பது பிளக்குக்கு உயர் மின்னழுத்தம் தருவது. இருபத்தைந்து ஆண்டுகளுக்கு முன் ஏறக்குறைய இதையேதான் நானும் சொன்னேன். அதற்குக் கொடுத்த விலை இன்றும் உறுத்துகிறது. அதனால்தான் இதை எழுதுகிறேன்.

ஆயில் ஊற்ற மறப்பது, பிளக் வயரின் 1-3-4-2 வரிசையை மாற்றிச் செருகுவது போன்றவற்றை விட்டுவிடுகிறேன். அவை ஐந்தே நிமிடத்தில் தெரிந்துவிடும். வண்டி வாசலைத் தாண்டிப் போன பிறகு வெளிவரும் தவறுகள்தான் ஆளைக் கவிழ்ப்பவை.

இரண்டு புகாரையும் இரண்டு நோயாகப் பார்ப்பது

வால்வைத் திறக்கத் தள்ளும் ஹைட்ராலிக் டேப்பட் வேலை செய்வதே ஆயில் அழுத்தத்தால்தான். அழுத்தம் குறைந்தாலும், ஆயிலில் காற்று கலந்தாலும் டேப்பட் தொய்ந்துவிடும். வால்வு முழுதாகத் திறக்காது. அந்தச் சிலிண்டர் மிஸ் அடிக்கும். வேரியபிள் வால்வு டைமிங் (வால்வு திறக்கும் நேரத்தை மாற்றும் அமைப்பு) உள்ள பல என்ஜின்களில் வால்வுகளை இயக்கும் கேம் ஷாஃப்ட்டின் நிலையை மாற்றுவதும் இதே ஆயில்தான். இரண்டு புகாரும் சேர்ந்து வந்தால் முதலில் ஆயில் பிரஷரைப் பாருங்கள்.

விளக்கை மீட்டர் என்று நம்புவது

பெரும்பாலான கார்களில் அழுத்தம் 0.3 முதல் 0.5 பார் (அழுத்த அலகு) அளவுக்கு விழுந்த பிறகுதான் அந்த விளக்கே எரியும். அது அணைந்திருப்பதால் பேரிங்குக்குப் போதுமான ஆயில் போகிறது என்று பொருளில்லை. சுவிட்சைக் கழற்றி, அந்தத் துளையில் அழுத்தத்தை முள்ளால் காட்டும் மெக்கானிக்கல் கேஜைப் பூட்டுங்கள். என்ஜின் நன்றாகச் சூடான பிறகு ஐடிலிங்கில் ஒரு முறை, 3000 ஆர்பிஎம்மில் ஒரு முறை பார்த்து எழுதிவையுங்கள். ஐடிலிங்கில் 1 பார், 3000இல் 3 பார் என்பது பட்டறைக் கணக்கு. சரியான எண் அந்த என்ஜினின் சர்வீஸ் மேனுவலில் இருக்கும்.

ஐடிலிங்கில் விழுந்து, ரேஸ் கொடுத்தால் ஏறுகிறதா? பேரிங் இடைவெளியையும் பம்ப் தேய்மானத்தையும் சந்தேகியுங்கள். ஐடிலிங்கில் நன்றாக நின்று, வேகத்தில் விழுகிறதா? பம்ப் ஆயிலை உறிஞ்சும் வழியில் உள்ள வலையான ஸ்ட்ரெய்னர் அடைத்திருக்கலாம். இந்தக் கடைசி வரி அன்றைக்கு எனக்குத் தெரிந்திருந்தால் ஒரு கிராங்க் ஷாஃப்ட் (பிஸ்டன்கள் சுழற்றும் முதன்மைத் தண்டு) பிழைத்திருக்கும்.

சம்ப்பில் பேஸ்ட்டை அள்ளிப் பூசுவது

அந்தக் கிராங்க் ஷாஃப்ட், மகள் திருமணத்துக்குப் பத்திரிகை வைக்க ஊர் ஊராகப் போகவேண்டிய ஒருவரின் காருடையது. ரிங் வேலையை நான்தான் செய்தேன். ஆயில் கசிந்து பேர் கெட்டுவிடக் கூடாதே என்று சம்ப்பின் விளிம்பு முழுக்க சிலிக்கான் பேஸ்ட்டைக் கட்டைவிரல் கனத்துக்குப் பூசினேன். போல்ட்டை முடுக்கும்போது வெளியே பிதுங்கியதைத் துணியால் அழகாகத் துடைத்தேன். வெளியே பிதுங்கிய அளவு உள்ளேயும் பிதுங்கித் தொங்கும் என்று தோன்றவே இல்லை.

பத்து நாளில் அவர் வந்தார். மேம்பாலம் ஏறும்போதும் வேகமாகப் போகும்போதும் விளக்கு மின்னுகிறது, நின்றால் அணைந்துவிடுகிறது என்றார். அப்படியே நோயின் பெயரைச் சொன்னது போல்தான். எனக்குக் காதில் விழவில்லை. சுவிட்சை மாற்றினேன். போதாதென்று கெட்டியான 20டபிள்யூ-50 ஆயிலையும் ஊற்றினேன். ஊருக்குள்ளேயே நான்கு கிலோமீட்டர் ஓட்டிப் பார்த்தேன். விளக்கு எரியவில்லை. சாவியைக் கொடுத்தேன்.

தாராபுரம் சாலையில் என்ஜின் தட்ட ஆரம்பித்தது. கயிறு கட்டி இழுத்து வந்தோம். சம்ப்பை இறக்கியபோது பார்த்ததை மறக்க முடியாது. ஸ்ட்ரெய்னரின் வலை முழுக்கச் சாம்பல் நிறத்தில் புழுப் புழுவாக சிலிக்கான் துண்டுகள். கையால் இழுத்தால் ரப்பர் போல நீண்டு வந்தன. நான் ஊற்றிய கெட்டி ஆயில் அந்த அடைப்பின் வழியே ஏறுவதற்கு இன்னும் சிரமப்பட்டிருக்கிறது. கனெக்டிங் ராடு கிராங்க்கைப் பிடிக்கும் பிக் எண்ட் பேரிங்குகளில் இரண்டு, தேய்ந்து செம்பு தெரிந்தது. கிராங்க்கை 0.25 மில்லிமீட்டர் அரைத்து, அதற்கேற்ற அண்டர்சைஸ் பேரிங் போட்டுக் கொடுத்தேன். செலவு முழுக்க என் கையிலிருந்து போனது. பாதிப் பத்திரிகைகளை அவர் பஸ்ஸில் போய் வைத்தார்.

இன்றும் பையன்கள் ட்யூபை அமுக்கும் விதத்தைப் பார்த்தால் எனக்குக் கோபம் வருகிறது. 2 அல்லது 3 மில்லிமீட்டர் கனத்தில் ஒரே கோடு போதும். போல்ட் துளைகளுக்கு உள்பக்கமாக அது வளைந்து செல்ல வேண்டும். இரண்டு பரப்பிலும் ஒரு துளி எண்ணெய்ப் பசை இருக்கக் கூடாது. ட்யூபில் எழுதியிருக்கும் நேரம் காய்ந்த பிறகே ஆயில் ஊற்றுங்கள். பழைய பேஸ்ட்டைச் சுரண்ட உரசும் டிஸ்க்கைப் பயன்படுத்தாதீர்கள். அதிலிருந்து உதிரும் நுண்பொடி ஆயிலில் கலந்து பேரிங்கைத் தின்றுவிடும். பிளாஸ்டிக் சுரண்டியும் பொறுமையும் போதும்.

கெட்டி ஆயிலால் மூடி மறைப்பது

செய்யாதீர்கள்.

மிஸ்ஸிங் என்றதும் நான்கு காயில் வாங்குவது

ஸ்கேனரில் பி0303 என்ற குறியீடு வந்தால் மூன்றாவது சிலிண்டர் மிஸ் அடிக்கிறது என்பது மட்டும்தான் செய்தி. காயில் கெட்டது என்று அது சொல்லவில்லை. மூன்றாவது காயிலை முதல் சிலிண்டருக்கு மாற்றுங்கள். குறியீடு பி0301 ஆக மாறினால் காயில்தான் கெட்டது. மாறவில்லை என்றால் பிளக்கையும், பிறகு இன்ஜெக்டரையும் இதேபோல் மாற்றிப் பாருங்கள். அதற்கும் அசையவில்லை என்றால் கம்ப்ரஷன் (சிலிண்டருக்குள் காற்று அழுந்தும் அளவு): எல்லாப் பிளக்குகளையும் கழற்றி, திராட்டிலை முழுதாகத் திறந்து, நல்ல பேட்டரியோடு பாருங்கள். ஒன்று மட்டும் குறைந்தால் அதில் ஒரு ஸ்பூன் ஆயில் விட்டு மறுபடி பாருங்கள். ஏறினால் ரிங், ஏறாவிட்டால் வால்வு அல்லது கேஸ்கெட். நான்குமே ஒரேயடியாகக் குறைந்திருந்தால் டைமிங் பெல்ட் ஒரு பல் தள்ளி உட்கார்ந்திருக்கலாம்.

குளிர்ந்த என்ஜினில் சோதித்துத் திருப்தி அடைவது

வால்வு சீட்டை வெட்டினால் வால்வு சற்று மேலேறி உட்காரும். ஹைட்ராலிக் அல்லாத டேப்பட்டில் இடைவெளி சுருங்கும். திரும்ப அளந்து சரிசெய்யாவிட்டால், சூட்டில் வால்வின் தண்டு நீண்டதும் வால்வு முழுதாக மூடாது. காலையில் கம்ப்ரஷன் அருமையாக இருக்கும். மதியம் மிஸ் அடிக்கும்.

ஆயில் பம்ப்பை உலர்வாகப் பூட்டுவது

பல் சக்கரங்களுக்கு இடையே ஆயில் நிரப்பிப் பூட்டுங்கள். இன்ஜெக்ஷனைத் துண்டித்துவிட்டு, விளக்கு அணையும்வரை இடைவெளி விட்டு ஸ்டார்ட்டரைச் சுற்றுங்கள்.

அந்தப் பையனின் வண்டி

கேஜைப் பூட்டினோம். சூட்டில் ஐடிலிங்கில் முள் 0.4 பாரில் நடுங்கிக்கொண்டிருந்தது. நடுக்கத்தைப் பார்த்ததும், சோதனைக்காக மட்டும் ஒரு லிட்டர் ஆயிலைக் கூடுதலாக ஊற்றச் சொன்னேன். முள் 1 பாரைத் தாண்டி அசையாமல் நின்றது. மட்டம் உயர்ந்ததும் காற்று புகும் இடம் ஆயிலுக்குள் மூழ்கிவிட்டது. சம்ப்பை இறக்கினால், சம்ப்பிலிருந்து ஆயிலை உறிஞ்சிப் பம்ப்போடு இணையும் பிக்அப் குழாயின் ஓ-ரிங் (ரப்பர் வளையம்) ஒரு பக்கம் நசுங்கி வெட்டுப்பட்டிருந்தது. வறண்ட ஓ-ரிங்கை அழுத்திச் செருகியிருக்கிறான். புதியதில் ஆயில் தடவி, விரலால் சுற்றிப் பார்த்து உட்கார வைத்தான். சரியான அளவுக்கு ஆயில் ஊற்றி இருபது நிமிடம் ஓடவிட்டோம். டேப்பட் சத்தம் அடங்கியது. பிறகு மூன்றாவது சிலிண்டரும் சீராகிவிட்டது. காயிலைத் தொடவே இல்லை. ஐடிலிங்கில் 1.2, 3000இல் 3.4 என்று ஜாப் கார்டில் எழுதி வைத்தான்.